நாப்பது பேர் நின்ற அறை

குணம் மேசன் சுவர் இடிக்கும் அலவாங்கைத் தூக்கினார். தூக்கியபடியே கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை மெல்லக் கொண்டுபோய் வேலியோரம் சாத்திவிட்டு, சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார்.

"ராத்தா, கோவிக்கப்படாது. இந்த வீட்டுல என்னால கை வைக்கேலாது."

றுகையா அப்போதுதான் அவித்த நெல்லை அண்டாவிலிருந்து கடகத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஏன் குணம், உடம்புக்குச் செரியில்லியா?"

"உடம்புக்கு ஒண்டுமில்ல. வாத்தியார் சேர் எழுதின கட்டுரைய மகள் போன்ல வாசிச்சுக் காட்டினவள். எழுவத்தெட்டுச் சூறாவளியில நாப்பது உசிரக் காப்பாத்தின அறையாம் உங்கட நடு அறை. எங்கட அம்மாவும் அதுல ஒராள். நான் அப்ப அவட வயித்துக்குள்ள. இத நானே இடிச்சனெண்டா அம்மா கனவுல வந்து நிண்டு கேப்பா ராத்தா."

"முன் சால ஓடெல்லாம் இறக்கினது நீங்கதானே?"

"அது தெரியாம இறக்கின. தெரிஞ்சாப்பிறகு எப்படி? வேற மேசனும் வரமாட்டான். எல்லாரும் வாசிச்சுப் போட்டானுகள்."

குணம் நற்பிட்டிமுனை ஆள். கோபமாகப் பேசவும் தெரியாது, சொன்ன சொல்லை மாற்றவும் தெரியாது. அவரோடு வாதாடுவது கிணற்றுக்குள் கல் போடுவது போலத்தான். சத்தம் வரும், கல் வராது. சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அலவாங்கு மட்டும் வேலியில் சாய்ந்து நின்றது.

றுகையா கடகத்தைக் கீழே வைத்துவிட்டாள். வைக்காமல் என்ன செய்வாள்? எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் பிள்ளை பிறந்த வீட்டில் விருந்தாளி, கலியாணம் முடித்த வீட்டில் குடியிருப்பாளி. பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டைக் கட்டி வைத்துக்கொண்டுதான் மாப்பிள்ளையைத் தேடவே தொடங்குவார்கள். றுகையாவோ மாப்பிள்ளையை முதலில் பிடித்துவிட்டாள். நல்ல பையன், நிந்தவூர், கட்டாரில் வேலை. டிசம்பர் லீவில் வந்து நிக்காஹ் முடித்துக்கொண்டு போக வேண்டும். அதற்குள் பழைய வீட்டை இடித்து, கொங்கிறீட் பிளேட் போட்டு, மகள் ஆகிலாவுக்கு ஒரு வீடு நிமிர வேண்டும். காத்திருந்து காத்திருந்து, ஊர் பேசாத பேச்செல்லாம் கேட்டுப் பிறந்த ஒரே மகள். தகப்பனும் மௌத்தாகிக் கண்ணை மூடிவிட்டார். மேற்கே வானம் இருண்டுகொண்டு வந்தது. மாரி தொடங்கிவிட்டால் அத்திவாரக் கிடங்கில் மீன்தான் பிடிக்கலாம்.

இதற்குள் காலையிலேயே நிந்தவூரிலிருந்து ஒரு போன் கோல் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் உம்மா ஹாஜறா. குரலில் தேனும் இருந்தது, தேனுக்குள் முள்ளும் இருந்தது.

"ராத்தா, உங்கட ஊட்ட இடிக்கக்கூடாதெண்டு பேஸ்புக்கில எல்லாரும் எழுதுறாங்க. மரபுரிமையாம். எங்களுக்கும் பெருமதான். ஆனா மகன் கேக்கான், மரபுரிமைக்குள்ளயா உம்மா நாங்க குடியிரிக்கிற எண்டு."

"இல்ல ராத்தா, அதெல்லாம் சும்மா கத. ஊடு எழும்பும், இன்ஷா அல்லாஹ்."

"இன்ஷா அல்லாஹ். ஒரு கிழமைக்குள்ள முடிவச் செல்லுங்க. எங்களையும் ரெண்டு மூண்டு இடத்தில கேக்காங்க."

இத்தனைக்கும் அந்தக் கட்டுரையை எழுதியது வழிப்போக்கன் யாரும் இல்லை. றுகையாவின் கூடப்பிறந்த அண்ணன், அவள் வாயில் காக்கா, மீராசாஹிபு. தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அடக்கத்தலம், பழைய சந்தை, மூடுண்ட வாய்க்கால் என்று ஊரைப் பற்றி எழுதிக் குவிப்பவர். இந்த முறை சொந்த வீட்டிலேயே கை வைத்துவிட்டார். 'நாற்பது உயிர் காத்த வீடு' என்று ஊர்ச் சஞ்சிகையில் நான்கு பக்கம். கடைசி வரி: இவ்வீட்டை இடிப்பது வரலாற்றை இடிப்பதாகும்.

கட்டுரை வந்த அன்று றுகையாவும் அதை வாசித்தாள். வாசித்துச் சிரித்தாள். காக்காவின் ஆசை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். அது மேசனின் கையைப் பிடிக்கும் என்று அவள் கண்டாளா?

முற்றத்தில் படங்குச் சீலையை விரித்து அவித்த நெல்லைக் கொட்டினாள். வெயில் ஒளித்து ஒளித்து எட்டிப் பார்த்தது. குதிக்காலால் நெல்லைக் கோடு கோடாகக் கிளறிக்கொண்டு நடந்தாள். ஒவ்வொரு நடைக்கும் ஒரு முறை தெருவைப் பார்த்தாள். பத்து மணிப் பிளேன்டீக்கு காக்கா தங்கச்சி வீட்டுக்கு வராத நாள் கிடையாது. அவருடைய பெண்சாதி போடும் தேநீரில் சீனி இல்லை, டொக்டர் சொல்லிவிட்டார். றுகையாவின் வீட்டில் டொக்டரின் சட்டம் செல்லாது.

மீராசாஹிபு மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியா புள்ள, கொழும்பில இரிந்தெல்லாம் கோல் எடுக்காங்க. அந்தக் கட்டுர எங்கயெல்லாமோ போயிட்டு."

"நற்பிட்டிமுனைக்கும் போயிட்டு காக்கா. குணம் அலவாங்க வெச்சிட்டுப் போயிட்டான்."

"நல்ல மனிசன். உணர்வுள்ளவன்."

"அவன்ட உணர்வுக்குள்ள என்ட மகள்ட கலியாணம் கிடக்கு. நிந்தவூராக்கள் ஒரு கிழம தவண தந்திரிக்காங்க. மேல பாருங்க, வானம் ஒரு கிழம தருமா தெரியா."

மலர்ந்த முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆகிலா குசினியிலிருந்து பிளேன்டீயும், தட்டில் கிழங்கு ரொட்டியும் கொண்டு வந்து வைத்தாள். மாமாவோடு அவளுக்கு எப்போதும் பகிடிதான். இன்றைக்குப் பகிடி இல்லாமல் திரும்பிப் போனாள். மீராசாஹிபு அதைக் கவனித்தார். தேநீரைக் குடித்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார், சாரத்தை மடித்துக் கட்டினார், படங்கில் இறங்கினார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தங்கச்சியோடு வழக்கு வந்தால் வேலையில் கூட மாட நின்றுகொண்டுதான் வழக்காடுவார்.

இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு நடந்தார்கள்.

"நான் சும்மா எழுதல்ல றுகையா. சான்று வெச்சித்தான் எழுதியிரிக்கன். நடு அறைச் சுவர் ஒரு முழம் அகலம். அளந்து போட்டிரிக்கன்."

"ஓம், ஒரு முழம்தான். மறுகா?"

"கதவுத் தாப்பாள். இரும்புத் தாப்பாள் காத்துக்கு வளைஞ்சி கிடக்கு. இண்டைக்கும் போய்ப் பாக்கலாம்."

"வளைஞ்சிதான் கிடக்கு. மறுகா?"

"போட்டோ. உம்மா கிடாரத்தில கஞ்சி காய்ச்சிக்கிட்டு நிக்கா. பின்னால அந்தச் சுவர். சுத்திவர ஆக்கள். நான் எண்ணிப் பாத்தன், நாப்பது பேருக்குக் குறையா. குணத்துட உம்மா கோப்பையோட நிக்கா."

"அதுவும் உண்மதான்."

"இதெல்லாத்துக்கும் மேல வாப்பாட வாக்கு. எத்தின தரம் செல்லியிரிக்காரு, 'இந்த அறதான்டா காப்பாத்தின' எண்டு. இதுக்கு மேல என்ன சான்று வேணும்?"

றுகையா நின்றுவிட்டாள். ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தாள். இன்னும் ஈரம்.

"காக்கா, நீங்க படிப்பிக்க வந்த முதல் வருசம் நான் உங்கட கிளாஸில இரிந்தன். ஞாபகமா?"

"ஓம். வாயாடி."

"வேப்பமரத்தின் பயன்கள் எண்டு கட்டுர தந்தீங்க. எங்கட வேப்பமரத்த மூத்தாப்பா நட்ட, அதுக்குக் கீழ பஸ் நிக்கிற, அதில ஊஞ்சல் கட்டி ஆடின எண்டு ரெண்டு பக்கம் எழுதினன். எல்லாருட முன்னுக்கும் வாசிச்சிட்டு முட்ட போட்டீங்க. செவப்புப் பேனையால என்ன எழுதினீங்க எண்டும் செல்லுறன். 'உண்மைதான். ஆனால் கேட்டதற்கு இது பதிலல்ல.' அழுதுக்கிட்டு ஊட்ட வந்தன். உம்மா உங்களுக்கு அண்டைக்குப் புட்டுக் குடுக்கல்ல."

மீராசாஹிபு சிரித்தார். "அது உனக்கு இன்னும் ஆறல்லியா?"

"ஆறிட்டு. ஆனா படிச்சிட்டன்."

அவர் அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தார். மேற்கில் வானம் உறுமியது. வயல் பக்கமிருந்து குளிர்காற்று ஒன்று வந்து வாழை இலைகளைப் புரட்டிப் போட்டது. அந்தக் காற்றின் மணம் தெரிந்தவர்கள் பிறகு பேச்சை வளர்க்க மாட்டார்கள்.

"ஆகிலா, சாக்கக் கொண்டு வா. ஓடி வா மகள்."

மூன்று பேரும் நெல்லுக்குள் குனிந்தார்கள். மீராசாஹிபு பலகையால் வழித்துக் குவித்தார். றுகையா சுளகால் அள்ளினாள். ஆகிலா சாக்கின் வாயை விரித்துப் பிடித்தாள். கடைசிச் சாக்கைக் கட்டும்போது மழைத்துளி காசு காசாக விழத் தொடங்கிவிட்டது. கூரை மிஞ்சியிருந்தது நடு அறைக்கும் குசினிக்கும்தான். குசினியில் அடுப்புப் புகை. ஆளுக்கொரு சாக்காக இழுத்துக்கொண்டு நடு அறைக்குள் ஓடினார்கள். பிறகும் இரண்டு சாக்கு இருந்தது, அதற்கும் ஓடினார்கள். கதவைச் சாத்தியபோது மழை, ஓடு இறக்கிய முன் சாலைக் கூடத்துக்குள் நேராக இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த அறையில் ஒரு கட்டிலும் வாப்பாவின் காலத்து நெல்லுப் பெட்டகமும் கிடந்தன. சாக்குகளை வைத்த பிறகு மூன்று பேரும் நிற்க இடம் போதவில்லை. ஆகிலா பெட்டகத்தின் மேல் ஏறிக் குந்தினாள். மீராசாஹிபு ஒரு சாக்குக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒற்றைக் காலில் நின்றார். றுகையாவின் முழங்கை அவருடைய விலாவில் இடித்தது.

முதலில் ஆகிலாவுக்குத்தான் சிரிப்பு வந்தது.

"மாமா, இதுக்குள்ளயா நாப்பது பேரு?"

மீராசாஹிபு சுற்றிலும் பார்த்தார். அவரும் இதற்குள் எத்தனையோ முறை வந்து போனவர்தான். சுவரை அளந்தவர்தான். அறையை அளக்கவில்லை.

"அந்த நேரம் ஆபத்துக்கு நெருக்கிக்கிட்டு நிண்டிரிப்பாங்க."

"நீங்க எங்க நிண்டீங்க காக்கா?" என்று றுகையா கேட்டாள். குத்திக் கேட்கவில்லை. மெல்லத்தான் கேட்டாள்.

"நான் அக்கரைப்பற்றில. மாமி ஊட்டில இரிந்து படிச்ச. உனக்குத் தெரியும்தானே. ரோட்டெல்லாம் தென்ன விழுந்து கிடந்திச்சி. அதுக்கு மேலால ஏறி ஏறி நடந்து வந்தன். வந்து பாக்கக்குள்ள உம்மா முத்தத்தில கஞ்சி காய்ச்சிக்கிட்டு நிக்கா. நீங்க எல்லாரும் உசிரோட நிக்கீங்க. அந்தச் சுவரும் நிக்கிது. மத்ததெல்லாம் தரமட்டம்." அவர் குரல் இறங்கியது. "அந்தச் சுவரக் கட்டிப்பிடிச்சி நான் அழுதன் புள்ள."

"நீங்க பாத்தது காத்துக்குப் பொறகு. நான் செல்லுறது காத்துக்குள்ள."

மழை ஓட்டின் மேல் சல்லியைக் கொட்டுவது போலக் கொட்டியது. றுகையா கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். உம்மாவுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று நெஞ்சுக்குள் கிடந்தது. உம்மாவும் இல்லை, வாப்பாவும் இல்லை, மகள் மட்டும் முன்னால் இருக்கிறாள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"அந்தி மஹ்ரிபுக்குப் பொறகு காத்துத் தொடங்கின. முதல்ல குசினி போன. பொறகு சால ஓல முழுக்கப் போன. நாங்க இந்த அறைக்குள்ளதான் வந்த, அது உண்ம. அக்கம் பக்கத்தாக்களும் ஓடி வந்து முத்தத்தில நிக்காங்க. புல்லுப் புடுங்க வந்து வளவுக்குள்ள வாடிக் கொட்டில் போட்டிருந்த நற்பிட்டிமுனை ஆக்களும் நிக்காங்க. குணத்துட உம்மா வயித்தப் புடிச்சிக்கிட்டு நிக்கா. உம்மா இந்த அறையப் பாத்தா, ஆக்களப் பாத்தா. 'இது எல்லாருக்கும் காணாது, மில்லுக்குப் போவம்' எண்டா."

"எந்த மில்?"

"எந்த மில்லாம். முஸ்தாக் ஹாஜியார்ட மில்."

மீராசாஹிபுவின் முகம் மாறியது. மாறாதா? முஸ்தாக் ஹாஜியாரின் நெல்லு மில்லுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலியும் ஒரு மூடைத் தவிடும் கிடந்தன. குத்தக் கொடுத்த நெல்லின் தவிடு நெல்லுக்காரனுக்கா மில்லுக்காரனுக்கா என்று தொடங்கிய சண்டை அது. தவிட்டை மாடு தின்று, அந்த மாடும் செத்து, பிறகும் இரண்டு வீடும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. பள்ளிவாசலில்கூட வாப்பா முதல் சப்பு வரிசையில் நின்றால் ஹாஜியார் கடைசிச் சப்பில் நிற்பார்.

"அங்கதான் எஞ்சின் அறைக்குப் புதுசா பிளேட் போட்டிருந்தாங்க. ஊருக்குள்ள அதுதான் ஒரே பிளேட். வாப்பா கதவில சாஞ்சி நிண்டுக்கிட்டு, 'அவன்ட மில்லுக்குள்ள என்ட மையித்துக்கூடப் போகா' எண்டாரு. உம்மா ஒண்டும் கதைக்கல்ல. கிணத்துக் கயித்த எடுத்தா. எல்லாரையும் அதப் புடிச்சிக்கச் சென்னா. வேலியத் தூக்கி எறிஞ்சிட்டுக் காத்து, அதால நாங்க மில்லுக்கு வழி கேக்கத் தேவையில்ல. உம்மா மில் கதவில அடிச்சா. அவ சென்னது இன்னும் என்ட காதில கேக்கு. 'முஸ்தாக் காக்கா, தவிட்டுக் கணக்க நாளைக்குப் பாப்பம். இப்ப கதவத் திறங்க' எண்டா."

ஆகிலா பெட்டகத்தின் மேலிருந்து இறங்கி வந்து உம்மாவின் காலடியில் குந்தினாள்.

"திறந்தாங்களா உம்மா?"

"அவரு முன்னமே திறந்து வெச்சிக்கிட்டுத்தான் நிண்டாரு மகள். காத்து அடிச்சி மூடின கதவு அது. விடிய மட்டும் அதுக்குள்ளதான் இரிந்தம், எஞ்சினக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு. குணத்துட உம்மா என்ட தோளில சாஞ்சிதான் கிடந்தா. நாப்பது பேரு, ஐம்பது பேரு, ஆரு எண்ணின."

"வாப்பா?" என்று மீராசாஹிபு கேட்டார்.

"வாப்பா வரல்ல."

மீராசாஹிபு அப்போதுதான் கதவைத் திரும்பிப் பார்த்தார். வளைந்த தாழ்ப்பாள் அதிலேயே இருந்தது.

"விடிய உம்மா ஓடி வந்து பாத்தா. இந்தக் கதவில முதுகக் குடுத்துக்கொண்டு வாப்பா குந்தியிரிக்காரு. ராவு முழுக்க அப்படியே தள்ளிப் புடிச்சிரிக்காரு. தாப்பாள் வளைஞ்சிட்டு, மனிசன் வளையல்ல. பெட்டகத்து நெல்லில ஒரு சொட்டுத் தண்ணி படல்ல. அந்த நெல்லுத்தான் நீங்க பாத்த கஞ்சி. ஊரில வேற ஆருட்டயும் காஞ்ச நெல்லு இல்ல. நாலஞ்சி நாளு எல்லாரும் குடிச்ச. ஹாஜியார் ஊட்டுக்கும் வாளியில போன."

வெளியே மழை கொஞ்சம் தணிந்தது. யாரும் கதவைத் திறக்கப் போகவில்லை.

"பொறகு தேத்தண்ணிக் கடையில வாப்பா 'இந்த அறதான் காப்பாத்தின' எண்டு கதைக்கத் தொடங்கினாரு. அவர மட்டில அது உண்மதானே. உம்மா என்னக் கூப்பிட்டுச் சென்னா, 'மனிசன்ட முகத்த வெச்சிரு புள்ள. மில்லுக் கத நம்மட வாயால வரப்படாது' எண்டு. நானும் வெச்சிருந்தன். இண்டைக்கு மகளுக்காக உட்டுட்டன். உம்மா மன்னிக்கணும்."

மீராசாஹிபு சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். வாப்பாவை அவர் தலையில் வைத்துக் கொண்டாடியவர். அந்த வாப்பா ஒரு தவிட்டு மூடைக்காகப் பெண்சாதி பிள்ளையைத் தனியே காற்றுக்குள் அனுப்பினார் என்பதை விழுங்குவதா, விடிய விடியக் கதவைத் தாங்கி ஊருக்கே கஞ்சி வைத்தார் என்பதை நினைப்பதா என்று தெரியாமல் இருந்தார்.

"அப்ப நான் எழுதினதெல்லாம் பொய்யா புள்ள?"

"பொய்யெண்டு நான் செல்லல்ல. சுவர் உண்ம, தாப்பாள் உண்ம, கஞ்சியும் உண்ம. ஆனா நீங்க சென்ன கதைக்கு அதெல்லாம் சாட்சியில்ல காக்கா. சுவர் எவ்வளவு அகலம் எண்டதுக்குச் சாட்சி. காத்து எவ்வளவு பலம் எண்டதுக்குச் சாட்சி. ஆக்கள் எங்க கஞ்சி குடிச்ச எண்டதுக்குச் சாட்சி. ஆரு எங்க தப்பின எண்டதுக்கு ஒண்டுமில்ல. உங்கட பாஷையில செல்லப் போனா, உண்மதான், ஆனா கேட்டதுக்கு இது பதிலில்ல. ஊட்ட உட்டுட்டுப் போனதாலதான் நாங்க இரிக்கம். உம்மா திரும்பிக்கூடப் பாக்கல்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். றுகையாவுக்கு மனம் பொறுக்கவில்லை. அறுபது வயதிலும் காக்காவின் தலை குனிந்தால் தங்கச்சிக்குத் தாங்காது. பக்கத்தில் வந்து குந்தினாள்.

"ஒண்டு கேக்கன், மறைக்காமச் செல்லுங்க. வாப்பாட கதையெல்லாம் இரிக்கட்டும். நீங்க ஏன் இந்த ஊட்ட இடிக்க வேணாமெண்டு நிக்கீங்க?"

மீராசாஹிபு சுற்றிவளைத்தார். ஊர் அடையாளம் என்றார், வருங்காலச் சந்ததி என்றார். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவருக்கு வார்த்தை தீர்ந்துபோனது.

"இது நான் கட்டின ஊடு புள்ள," என்றார்.

அது ஊரறிந்த சங்கதிதான். காற்று மிச்சம் வைத்த இந்த அறையைச் சுற்றி மற்றதையெல்லாம் கட்டியது அவர். தங்கச்சிக்கு வீடு நிமிர்த்தாமல் தமையன் கலியாணம் முடிப்பது எங்கள் கரையில் வழக்கமில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாரத்தை மடித்துக்கொண்டு மேசனுக்குக் கையாளாக நின்றார். கூலிக்கு ஆள் பிடிக்க வாத்தியார் சம்பளத்தில் வழியில்லை. கடற்கரையிலிருந்து மணல் சுமந்தார். மேசன் வராத நாளில் தானே கரண்டியைப் பிடித்தார். அவருக்குப் பேசிவைத்த பெண் வீட்டார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அதைப் பற்றி அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

"ஆம்பிளைகள் நாங்க வாப்பா ஊட்ட, உம்மா ஊட்ட, பெண்சாதி ஊட்ட எண்டு போய்க்கிட்டே இரிக்கம்," என்றார் மீராசாஹிபு. "எனக்கெண்டு ஒரு சுவர் இல்ல. இதுதான் என்ட கை பட்டது. அது நிண்டா நானும் நிக்கிற மாதிரி ஒரு நெனப்பு. அதுக்கு நாப்பது பேரச் சாட்சிக்குக் கூப்பிட்டுட்டன் போல."

றுகையாவின் கண் நிறைந்துவிட்டது.

"நாலு பக்கம் எழுதினீங்களே காக்கா. அதில இத ஒரு வரி எழுதல்லியே."

"அத எப்படி நானே எழுதுற?"

ஆகிலாதான் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். பகல் சாப்பாட்டுக்குச் சூரை மீன் ஆணமும் மாசிச் சம்பலும் வைத்து மாமாவுக்குச் சோறு போட்டாள். மீராசாஹிபு உப்புக் குறைவு என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் குணத்தைக் கூட்டிக்கொண்டு வந்தது அவரேதான். வரும் வழியிலேயே மில்லுக் கதையைச் சொல்லியிருந்தார் போலும். குணம் நேராக றுகையாவிடம் வந்தார்.

"அப்ப நான் தப்பினது மில்லுக்குள்ளயா ராத்தா?"

"ஓம் குணம். என்ட தோளில சாஞ்சி கிடந்த உங்கட அம்மாட வயித்துக்குள்ள. ராவு முழுக்க எனக்கு உத."

குணம் சிரித்தார். "அம்மா கஞ்சி குடிச்ச கதைய மட்டும்தான் சொல்லுவா. எங்க ஒளிச்சதெண்டு நானும் கேக்கல்ல. கஞ்சி இஞ்சதானே?"

"கஞ்சி இஞ்சதான். அதில சந்தேகமில்ல."

"அப்ப அந்த நடு அறையக் கடைசியா இடிப்பம். மற்றதத் தொடங்குறன்."

அலவாங்கை எடுக்கப் போன குணத்தை மீராசாஹிபு மறித்தார். மருமகளின் வீட்டுக்கு முதல் கை வைக்க வேண்டியது மாமன் என்றார். சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார், சாரத்தை மடித்துக் கட்டினார். வயது வேறு, வயிறும் கொஞ்சம் வேறு, ஆனால் அந்த நிலை றுகையாவுக்குத் தெரிந்த நிலைதான். பதினாறு வயதில் இதே முற்றத்தில் வாளியோடு நின்று பார்த்தது.

பிஸ்மில்லாஹ் சொல்லி ஓங்கி அடித்தார். முன் சாலைச் சுவர் அலவாங்கைத் திருப்பி எறிந்தது. இன்னொரு அடி. சுவரில் ஒரு கீறல் விழுந்தது, அவ்வளவுதான். குணம் வந்து வாங்கி, தன் பங்குக்கு இரண்டு போட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து சாந்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"ஆரு சேர் இதக் கட்டின மேசன்? சீமெந்து ஒண்டுக்கு மணல் மூண்டு கலந்திருக்கான். சாந்துல ஒரு இடத்துலயும் களவில்ல. இப்ப ஆரும் இப்படிக் கட்ட மாட்டானுகள். இத இடிக்க எனக்கு ரெண்டு நாள் கூடுதலா வேணும்."

மீராசாஹிபு தன் உள்ளங்கையைப் பார்த்தார். றுகையா பிளேன்டீத் தட்டோடு முற்றத்தில் இறங்கினாள்.

"எழுதிக்கொள்ளுங்க காக்கா," என்றாள். "இதுதான் சாட்சி."

மீராசாஹிபு தேநீரை வாங்காமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சீமெந்துத் தூசி கண்ணுக்குள் விழுந்துவிட்டது என்றார். மழையில் ஊறின சுவரிலிருந்து தூசி என்று ஒன்றும் எழும்பியிருக்கவில்லை. றுகையா அதற்குச் சாட்சி கேட்கவில்லை.